எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா: எளிமைக்காக வாதாடிய ஒரு வாழ்வு

1940 மே 10ஆம் திகதி ஜேர்மன் படைகள் நெதர்லாந்துக்குள் நுழைந்தன. நான்கு நாட்கள் கழித்து, மே 14ஆம் திகதி பிற்பகல், ரொட்டர்டாம் நகரத்தின் நடுப்பகுதி மீது விமானங்கள் குண்டு பொழிந்தன. ஏறக்குறைய கால் மணித்தியாலம் நீடித்த தாக்குதல் அது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். பழைய நகரம் எரிந்து போனது. அந்த நகரில் பிறந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற சிறுவனுக்கு அதற்கு மூன்று நாட்கள் முன்னர்தான் பத்து வயது நிறைந்திருந்தது.

ஐந்து வருடங்கள் அந்த நாடு ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. 1944இன் இறுதியில் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகும் வழிகள் அடைக்கப்பட்டன. அந்தக் குளிர்காலத்தில் மக்கள் டியூலிப் பூச்செடியின் கிழங்கை அவித்துச் சாப்பிட்டார்கள். பட்டினியால் ஏறத்தாழ 20,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. உணவுப் பாதை அடைபடுவது என்றால் என்ன, கஞ்சிக்கு வரிசையில் நிற்பது என்றால் என்ன என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபோது எட்ஸ்கருக்கு வயது பதினைந்து. சட்டம் படிக்க வேண்டும், ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டின் பிரதிநிதியாகப் பணியாற்ற வேண்டும் என்பது அப்போது அவருடைய எண்ணமாக இருந்தது. ஆனால் 1948இல் பாடசாலைக் கல்வியை முடித்தபோது கணிதத்திலும் விஞ்ஞானப் பாடங்களிலும் அவர் எடுத்த புள்ளிகள் மிக உயர்ந்தவை. வழி மாறியது. அவர் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகவியல் படிக்கப் போனார்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு இன்றைய ஐங்கோண வடிவத்தைக் கொடுத்த ஒல்லாந்தரின் நாட்டில் பிறந்த இந்த மனிதரைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம் அந்தக் கோட்டை அல்ல. நாங்கள் அனைவரும் கையில் வைத்திருக்கும் தொலைபேசிக்குள் ஓடும் மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர் வாழ்நாள் முழுவதும் ஒரு வழக்கு நடத்தினார். வசதிகளைக் கூட்டிக்கொண்டே போவதா, தேவையானதை மட்டும் வைத்து அதைச் சரியாகச் செய்வதா என்பதே அந்த வழக்கு. இன்றுவரை அதற்குத் தீர்ப்பு வரவில்லை. ஆனால் அதன் விளைவை அன்றாடம் அனுபவிப்பவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

தாய் சொன்ன அளவுகோல்

எட்ஸ்கரின் தந்தை இரசாயனவியலாளர், பாடசாலை ஆசிரியர். தாய் கணிதம் படித்தவர். ஆனால் ஒரு நாளும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. மகனுடைய சிந்தனையை வடிவமைத்தவர் தாய்தான். திரிகோணகணிதப் புத்தகத்தைப் பார்த்துப் பயந்த மகன், இது கடினமான பாடமா என்று தாயிடம் கேட்டார். சூத்திரங்களை நன்றாகத் தெரிந்துகொள், ஒரு நிறுவலுக்கு ஐந்து வரிகளுக்கு மேல் தேவைப்பட்டால் நீ பிழையான வழியில் போகிறாய் என்று எடுத்துக்கொள் என்பது தாயின் பதிலாக இருந்தது. இந்தக் கதையைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய மற்ற எல்லாக் கருத்துகளும் இந்த அளவுகோலிலிருந்து கிளைத்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

1951இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மூன்று வாரச் செய்நிரலாக்கப் பயிற்சி ஒன்று நடந்தது. அதற்கான விளம்பரத்தைக் கண்டு மகனை அனுப்பி வைத்தவர் தந்தை. ஒரு அறை முழுவதையும் நிரப்பும் கணினிகள் உலகில் விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்த காலம் அது. பயிற்சியின் பின்னர், 1952 மார்ச்சில், அம்ஸ்டர்டாமில் இருந்த கணித நிலையத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். அவரை அங்கே சேர்த்தவர் ஆட்ரியான் வான் வெய்ங்கார்டன். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னர் மீண்டும் வருவார்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு எட்ஸ்கருக்கு ஒரு குழப்பம் வந்தது. பௌதிகவியல் மதிப்புள்ள துறை. செய்நிரல் எழுதுவதோ ஒரு துறையாகவே யாராலும் கணிக்கப்படவில்லை. இதைத் தொழிலாக எடுத்தால் நாளைக்கு என்னவென்று சொல்லிக்கொள்வது? வெய்ங்கார்டனிடம் போய்க் கேட்டார். கணினிகள் நிலைத்துவிட்டன, இதை மதிப்புள்ள துறையாக ஆக்கப் போகிறவர்களில் ஒருவராக நீ ஏன் இருக்கக் கூடாது என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அந்தப் பேச்சுக்குப் பின்னர் எட்ஸ்கர் திரும்பிப் பார்க்கவில்லை.

1957இல், அதே கணித நிலையத்தில் வேலை செய்த ரியா டெபெட்ஸ் என்பவரைத் திருமணம் செய்தார். பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் செய்நிரலாளர் என்று எழுதினார். அப்படியொரு தொழில் கிடையாது என்று நகரசபை அதிகாரிகள் ஏற்க மறுத்தார்கள். கடைசியில் பௌதிகவியலாளர் என்றே பதிவானது.

கோப்பிக் கடையில் இருபது நிமிடம்

அதற்கு ஒரு வருடம் முன்னர், 1956இல், நிலையம் ஆர்மாக் என்ற புதிய கணினியை வைபவமாகத் திறந்து வைக்க இருந்தது. வரும் விருந்தினர்கள் கணிதம் தெரியாதவர்கள். அவர்களுக்கும் விளங்கும் ஒரு கேள்வியைக் கணினி தீர்த்துக் காட்ட வேண்டும். ரொட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குப் போக மிகக் குறுகிய பாதை எது என்ற கேள்வியை எட்ஸ்கர் தேர்ந்தெடுத்தார். நெதர்லாந்தின் வீதி வரைபடத்தை 64 நகரங்களாகச் சுருக்கினார்.

ஒரு நாள் காலை ரியாவுடன் கடைகளுக்குப் போய்க் களைத்து, ஒரு கோப்பிக் கடையின் வெளித் திண்ணையில் இருந்தபோது அதற்கான படிமுறை அவர் மனதில் உருவானது. எடுத்த நேரம் இருபது நிமிடம். கையில் பேனாவோ கடதாசியோ இருக்கவில்லை. எழுதிப் பார்க்க வழி இல்லாததால், சிக்கலாகக்கூடிய எல்லாவற்றையும் தவிர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது என்றும், அந்தப் படிமுறை அவ்வளவு எளிமையாக வந்ததற்கு அதுவே காரணம் என்றும் அவர் பின்னாளில் கருதினார்.

படிமுறையைச் சொல்லால் விளக்கலாம். புறப்படும் ஊரில் நில்லுங்கள். அங்கிருந்து நேரடியாகப் போகக்கூடிய ஊர்களின் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்தவற்றில் மிகக் கிட்டிய ஊரை எடுங்கள். அதற்கான குறுகிய பாதை முடிவாகிவிட்டது. இனி அந்த ஊரின் வழியாகப் போனால் மற்ற ஊர்களுக்கான தூரம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதுங்கள். மீதமுள்ளவற்றில் மிகக் கிட்டியதை எடுங்கள். போய்ச் சேர வேண்டிய ஊர் முடிவாகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். அவ்வளவுதான்.

1959இல் இதை மூன்று பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். இணையத்தில் தரவுப் பொதிகளை வழிநடத்தும் முக்கிய முறைகளில் ஒன்று இன்றும் இந்தப் படிமுறையை அப்படியே பயன்படுத்துகிறது. தொலைபேசி வரைபடத்தில் பாதை தேடும்போது ஓடுவதும் இதன் வழிவந்த முறைகளே. உலகம் இவ்வளவு பயன்படுத்தும் ஒன்று மூன்று பக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது.

சிறிய குழு, சிறிய கணினி

1960இல் அவரும் யாப் சொன்னவெல்டும் சேர்ந்து அல்கோல் 60 என்ற செய்நிரல் மொழிக்கான தொகுப்பியை எழுதினார்கள். மனிதர் எழுதும் செய்நிரலைக் கணினிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவது தொகுப்பி. வேலை முடியும்வரை சவரம் செய்வதில்லை என்று இருவரும் சபதம் எடுத்தார்கள். ஆகஸ்டில் வேலை முடிந்தது. உலகில் அந்த மொழிக்கு வேலை செய்த முதல் தொகுப்பி அதுவே. சொன்னவெல்ட் தாடியை எடுத்துவிட்டார். எட்ஸ்கர் இறக்கும்வரை தாடியோடு இருந்தார்.

1962இல் ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய ஒரு சிறிய குழுவோடு பணிசெயல் முறைமை ஒன்றை உருவாக்கினார். கணினியின் எல்லாப் பாகங்களையும் ஒழுங்காக வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறோம். அவர்களிடம் இருந்த கணினியின் பிரதான நினைவகம் 32,000 சொற்களைச் சற்றே தாண்டியது. இன்று நாங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படமே அதைவிடப் பெரியது.

அவர்கள் அதை மாடிகள் போலக் கட்டினார்கள். கீழ்மாடியில் ஒரு வேலை மட்டும். அது சரியென்று உறுதிப்படுத்திய பிறகே அடுத்த மாடி. மேல்மாடி கீழ்மாடியை நம்பலாம். கீழ்மாடிக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. ஒரே நேரத்தில் பல வேலைகள் ஒரு பொருளைக் கேட்டு மோதிக்கொள்ளாமல் இருக்க, ரயில் பாதையிலிருந்து ஒரு யோசனையை எடுத்தார். தனித் தண்டவாளத்தில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். கைகாட்டி விழுந்தால் போ, இல்லாவிட்டால் நில். அந்தக் கைகாட்டியின் பெயரையே தன் முறைக்கும் வைத்தார்: செமபோர். இன்றைய கணினிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 1968இல் இந்த முறைமை பற்றி அவர் எழுதியபோது, சோதனையில் கிடைத்தவை சில்லறை எழுத்துப் பிழைகள் மட்டுமே என்று பதிவு செய்தார்.

அதே காலத்தில் அட்லாந்திக்கின் மறுபக்கத்தில் ஐபிஎம் நிறுவனம் ஓஎஸ் 360 என்ற பணிசெயல் முறைமையைத் தயாரித்துக்கொண்டிருந்தது. சிறிய கணினி தொடக்கம் மிகப் பெரிய கணினி வரை, வங்கி தொடக்கம் ஆய்வுகூடம் வரை, எல்லோருக்கும் எல்லாமாக இருக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தார்கள். வேலை பிந்தியது, நினைத்ததைவிட நினைவகத்தைத் தின்றது, முதல் வெளியீடுகள் நன்றாக ஓடவில்லை. அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த பிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியான தன் புத்தகத்தில் அந்த அனுபவத்தை ஒளிவுமறைவில்லாமல் அலசினார். பிந்திய வேலைக்கு ஆட்களைக் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்ட பாடங்களில் ஒன்று. முதல் முறைமையைக் கட்டும்போது அடக்கிவைத்த ஆசைகளை எல்லாம் இரண்டாவது முறைமையில் கொட்டிவிடும் ஆபத்து ஒரு வடிவமைப்பாளருக்கு உண்டு என்பது இன்னொன்று.

ஐபிஎம் தோற்றது, எட்ஸ்கர் வென்றார் என்று இதை முடித்துவிட முடியாது. ஐபிஎம்மின் முறைமை உலகெங்கும் விற்பனையானது, அதன் வாரிசுகள் இன்றும் வங்கிகளில் ஓடுகின்றன. ஐந்தோவன் முறைமை ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு கணினியில் ஓடியது. சந்தை கேட்பதை எட்ஸ்கர் ஒருபோதும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாக இருக்காது. சிக்கலான பொருள்தான் நன்றாக விற்கும் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. அதை அவர் கசப்போடு எழுதியிருக்கிறார்.

குருவோடு பிரிந்த வருடம்

1968 அவர் வாழ்வின் முக்கியமான வருடம். மார்ச் மாதம், செய்நிரலுக்குள் நினைத்த இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளைக்கு எதிராக ஒரு சிறு கடிதம் எழுதினார். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் 83ஆம் பக்கத்துக்குப் போ, அங்கிருந்து 12ஆம் பக்கத்துக்கு வா என்று எழுதியிருக்கும் நாவலை எப்படி வாசிப்பது? அப்படிப்பட்ட செய்நிரலை எழுதியவரே சில மாதங்களில் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாது. கடிதத்துக்குச் சீண்டும் தலைப்பை வைத்தவர் அந்தச் சஞ்சிகையின் ஆசிரியர்களில் ஒருவரான நிக்லாஸ் வேர்த். ஒரு கடிதத்துக்காக அவ்வளவு திட்டு வாங்கிய கணினி அறிஞர் வேறு எவரும் இல்லை எனலாம். ஆனால் இன்று பாடசாலையில் செய்நிரலாக்கம் படிக்கும் பிள்ளைகள் அவர் சொன்ன ஒழுங்கிலேயே படிக்கிறார்கள்.

டிசம்பரில் நடந்தது அதைவிடக் கடினமானது. அல்கோல் 60 மொழியின் வாரிசாக அல்கோல் 68 என்ற மொழியை ஒரு சர்வதேசக் குழு உருவாக்கியது. தலைமை தாங்கி வடிவமைத்தவர் வெய்ங்கார்டன். எட்ஸ்கரை இந்தத் துறைக்குள் கொண்டுவந்த அதே மனிதர். புதிய மொழியில் எல்லாம் இருந்தது. அதை விவரித்த ஆவணமோ, நிபுணர்களே திணறும் அளவு கடினமாக இருந்தது. எட்ஸ்கரும் டோனி ஹோர் உட்பட வேறு சிலரும் மாற்றுக் கருத்து அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இந்த மொழி செய்நிரலாளருக்கு நம்பகமான கருவியாக இருக்காது என்பது அதன் சாரம். குழு உடைந்தது.

அந்தக் கருத்து வேறுபாட்டிலிருந்து வேறொரு பாதையும் திறந்தது. சுருக்கமான மொழியே போதும் என்று வாதிட்ட வேர்த், 1970இல் பாஸ்கல் மொழியை வெளியிட்டார். பின்வந்த இரண்டு தசாப்தங்களில் உலகெங்கும் ஏராளமான மாணவர்கள் செய்நிரலாக்கத்தைப் பாஸ்கலில்தான் தொடங்கினார்கள்.

தன்னை வளர்த்தவரின் வேலைக்கு எதிராகக் கையெழுத்திடுவது எளிதான காரியமல்ல. எங்கள் சமூகத்தில் பெரியவர்களை மறுத்துப் பேசியவர்கள் கொடுத்த விலை என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். எட்ஸ்கர் வெய்ங்கார்டனின் நேர்மையைக் கேள்விக்குட்படுத்தவில்லை. முன்னால் வைக்கப்பட்ட ஆவணத்தை மட்டுமே மறுத்தார்.

அதைத் தொடர்ந்து இருண்ட மாதங்கள் வந்தன. ஐந்தோவனில் அவருடைய குழு கலைந்தது. செய்வதற்கு அடுத்து என்ன என்று தெரியாமல் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். அதிலிருந்து மீளும் மருந்தாக எழுதத் தொடங்கியதுதான் ஒழுங்கமைந்த செய்நிரலாக்கம் பற்றிய அவருடைய நீண்ட குறிப்பு. அதைத் தனக்குத் தெரிந்த சிலருக்கு மட்டுமே அனுப்பினார். அவர்கள் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். அவர் பெயரை உலகெங்கும் கொண்டுபோன எழுத்து அது. மனச்சோர்வைப் பற்றிப் பேசுவதை இன்னும் வெட்கமாகக் கருதும் எங்கள் இடங்களில், அவர் இதை மறைக்காமல் எழுதி வைத்ததைக் குறிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூளையின் அளவு

1972இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. விருது உரையில் அவர் பேசிய பொருள் பணிவு. இங்கேதான் அவருடைய எளிமைக் கொள்கையின் அடித்தளம் இருக்கிறது.

எளிமை அழகானது என்பதற்காக மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. மனித மூளை சிறியது என்பதற்காகக் கேட்டார். ஒரு நேரத்தில் நாங்கள் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். அதற்கு மேல் போனால் எழுதுபவர் தன் செய்நிரலைத் தானே விளங்காமல் எழுதுகிறார். விளங்காமல் எழுதியதைச் சோதித்துப் பார்த்துச் சரிக்கட்டலாம் என்று நினைப்பது வீண். சோதனையில் பிழை அகப்பட்டால் பிழை இருக்கிறது என்று தெரியும், அகப்படாவிட்டால் பிழை இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் காலத்தில் எல்லா வசதிகளையும் ஒன்றாகக் கொட்டிய பிஎல் ஒன் என்ற மொழியை, ஏழாயிரம் பொத்தான்களும் கைபிடிகளும் கொண்ட விமானத்தை ஓட்டுவதற்கு அவர் ஒப்பிட்டார். பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்குப் பயன்படும்தான். ஆனால் விமானிக்கு இருப்பது ஒரே ஒரு தலை.

நான் ஊடகக் கற்கை படித்தவள். கணினி விஞ்ஞானம் என் பாடமாக இருந்ததில்லை. எட்ஸ்கரை நான் தேடி வாசித்தது வன்னியில் ஒரு கிராமத்துக்குச் செய்திக்காகப் போய்வந்த பிறகுதான். கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி கொடுக்க ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. பதிவைத் தொலைபேசிச் செயலி மூலம் செய்யச் சொல்லியிருந்தார்கள். திரையில் வெடிப்பு விழுந்த பழைய தொலைபேசியோடு ஒரு அக்கா என்னிடம் வந்தார். செயலியைத் திறந்ததும் அறிமுகக் காணொளி. பிறகு மின்னஞ்சல் முகவரி கேட்டது. அவரிடம் அது இல்லை. வரைபடத்தில் வீட்டைக் குறிக்கச் சொன்னது. படம் எடுக்கச் சொன்னது. ஒவ்வொரு திரையும் ஏற நிமிடக்கணக்கில் எடுத்தது. பாதியில் டேட்டா முடிந்தது, நிரப்பியதெல்லாம் அழிந்தது.

அந்தத் திரைகள் முழுவதிலும் உதவியைத் தீர்மானிக்கத் தேவையான கேள்விகளை அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, பிள்ளைகளின் எண்ணிக்கை, என்ன உதவி வேண்டும். ஐந்து. மீதியெல்லாம் யாரோ ஒருவர் எங்கோ ஒரு கூட்டத்தில் இதையும் சேர்க்கலாமே என்று சொன்னதால் சேர்ந்தவை. அதைச் சொன்னவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் கையில் நல்ல தொலைபேசி இருந்தது, அவ்வளவுதான். கூடுதல் வசதிக்கான விலையை அதைச் சேர்ப்பவர் கொடுப்பதில்லை. வரிசையின் கடைசியில் நிற்பவர்தான் கொடுக்கிறார்.

முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு எங்கள் மக்கள் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் விபரத்தை ஒவ்வொரு ஆணைக்குழுவும் புதிதாகக் கேட்டது, ஒவ்வொரு படிவத்திலும் நிரல்கள் கூடின. பதில் மட்டும் வரவில்லை. நிறையக் கேட்பதும் நிறையச் செய்வதும் ஒன்றல்ல என்பதை எங்கள் தாய்மாருக்கு எந்தப் பேராசிரியரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எது கூடுதல்?

ஆனாலும் எட்ஸ்கர் பக்கம் முழுவதும் சாய்ந்துவிட எனக்குத் தயக்கம் உண்டு. தொலைபேசியில் தமிழில் எழுதும் வசதி ஒரு காலத்தில் கூடுதல் வசதிதான். ஆரம்பகாலக் கணினிகள் ஆங்கில எழுத்துகளுக்காக மட்டும் வடிவமைக்கப்பட்டன. அந்த எளிமையில் எங்களுக்கு இடம் இருக்கவில்லை. பாமினி எழுத்துருவை வைத்துக்கொண்டு, அது இல்லாத கணினியில் செய்தியைத் திறந்தால் கோழி கிளறியது போலத் தெரிந்த காலத்தை இந்தத் தளத்தின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யுனிகோட் என்பது பெரிய, சிக்கலான முறை. அந்தச் சிக்கல் இருப்பதால்தான் இந்தக் கட்டுரை உங்கள் திரையில் ஒழுங்காகத் தெரிகிறது. போரில் பார்வையை இழந்த ஒருவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதியும் அப்படித்தான். மற்றவருக்கு அது அலங்காரம், அவருக்கு அதுவே கண்.

எனவே எத்தனை வசதிகள் என்று எண்ணுவது போதாது. யாருக்காக என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். எட்ஸ்கர் அந்தக் கேள்வியை அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய கவலை செய்நிரலை எழுதுபவரைப் பற்றியது. பயன்படுத்துபவர் அவர் எழுத்தில் அரிதாகவே வருகிறார். பல தசாப்தங்கள் அவர் தனக்கென்று ஒரு கணினியை வைத்திருக்கவும் இல்லை. அவருடைய நாக்கும் கூர்மையானது. பிரபலமான செய்நிரல் மொழிகளையும் அவற்றைப் படித்தவர்களையும் அவர் எள்ளி எழுதியவை பலரைக் காயப்படுத்தின. பணிவைப் பற்றிப் பேசியவர் பணிவாக நடந்துகொள்ளவில்லை என்று அவரைக் குறைகூறியவர்கள் அந்தத் துறையிலேயே இருந்தார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் அவருடைய அடிப்படை வாதம் நிற்கிறது. தேவையான சிக்கல் ஒன்று உண்டு, நாங்களே உண்டாக்கிக்கொள்ளும் சிக்கல் இன்னொன்று. தமிழ் எழுத்தின் சிக்கல் முதலாவது வகை. உதவிக்கான பதிவில் அறிமுகக் காணொளி இரண்டாவது வகை. முதலாவதற்கு இடம் வேண்டுமென்றால் இரண்டாவதை வெளியே வைக்க வேண்டும்.

பேனாவும் கடதாசியும்

1973இல் எட்ஸ்கர் பல்கலைக்கழக வேலையைப் பெரும்பாலும் விட்டு, பரோஸ் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வாளராகச் சேர்ந்தார். வேலை செய்த இடம் நூவனன் கிராமத்தில் இருந்த தன் வீட்டின் படிப்பறை. ஓவியர் வான் கோ ஒரு காலத்தில் வாழ்ந்த கிராமம் அது. உலகின் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்றுக்கு அந்தச் சிறிய அறையில் இருந்தபடி, மை நிரப்பும் பேனாவால் எழுதினார்.

தன் குறிப்புகளுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டார். எழுதி முடித்ததும் சில பிரதிகள் எடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் பிரதி எடுத்துத் தங்கள் நண்பர்களுக்கு அனுப்புவார்கள். இப்படி 1,300க்கும் மேற்பட்ட குறிப்புகள் பரவின. அவற்றில் கணித நிறுவல்களும் உண்டு, பயணக் கதைகளும் உண்டு, கோபமும் உண்டு. போர்க்காலத்தில் மின்சாரமும் அச்சுத்தாளும் இல்லாமல், கொப்பித் தாள்களில் பத்திரிகை நடத்திய ஊரிலிருந்து எழுதும் எனக்கு, அந்தப் பரவல் முறை அந்நியமாகத் தெரியவில்லை.

1984இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு, ஒஸ்ரின் நகருக்குப் போனார். கரும்பலகையும் சோக்கும் மட்டுமே வைத்துப் படிப்பித்தார். படவீழ்த்தி பாவிக்கவில்லை. பரீட்சையை வாய்மொழியாக, ஒவ்வொரு மாணவரையும் தனியாக அழைத்து நடத்தினார். வீட்டில் தொலைக்காட்சி இருக்கவில்லை. பியானோ இருந்தது, மொசார்ட்டின் இசையை விரும்பினார். விடுமுறையில் ரியாவுடன் ஒரு வொக்ஸ்வாகன் வானில் தேசிய வனங்களுக்குப் போவார். டியூரிங்கின் பெயரையும் சுற்றுலாவையும் ஒரே சொல்லில் சேர்த்து அந்த வானுக்கு விளையாட்டாகப் பெயர் வைத்திருந்தார். பிற்காலத்தில்தான் ஒரு மக்கின்டொஷ் கணினியை ஏற்றுக்கொண்டார். அதுவும் மின்னஞ்சலுக்கும் இணையம் பார்ப்பதற்கும் மட்டும். எழுத்து கடைசிவரை பேனாவில்தான்.

1999இல் ஓய்வுபெற்றார். புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகு, 2002இன் தொடக்கத்தில், ரியாவுடன் நூவனன் வீட்டுக்கே திரும்பினார். அந்த ஏப்ரலிலும் ஒரு குறிப்பு எழுதினார். ஆகஸ்ட் 6ஆம் திகதி காலமானார். வயது 72.

அவர் இறந்த வருடத்தில் வன்னியில் யுத்தநிறுத்தம் நடைமுறையில் இருந்தது, ஏ9 பாதை திறந்திருந்தது, எங்களில் பலர் முதன்முதலாகக் கணினியைத் தொட்டுப் பார்த்தோம். இன்று யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. போருக்குப் பின் வளர்ந்த பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள், வெளிநாட்டுக்காகவும் எழுதுகிறார்கள், எங்களுக்காகவும் எழுதுகிறார்கள். அவர்களில் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த செயலியில் ஒரு பொத்தானைச் சேர்க்க முன்னர், அதை வெடித்த திரையும் குறைந்த டேட்டாவும் உள்ள ஒரு தொலைபேசியில், உங்கள் அம்மம்மாவின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் இடையில் நிறுத்தி எதற்கு இது என்று கேட்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியது அங்கேதான் இருக்கும்.